அலகில்லாத மயில்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதம், சங்கரன்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. மாப்பிள்ளை என் தம்பி. தாலியில் மூன்றாவது முடிச்சுப் போட வேண்டிய நாத்தனார் நான்.

வீட்டிலிருந்தே துணியில் மணி கோத்து ஆரி பூவேலை செய்து பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள் நான். தம்பி மனைவியாக வரப்போகிறவளின் முகூர்த்த பிளவுஸை இன்னொருத்தர் கையில் கொடுக்க மனசில்லை. முதுகுப் பக்கம் எதிரும் புதிருமாக இரண்டு மயில்கள். போட்டேன், பிரித்தேன், மறுபடி போட்டேன். ஒரு வழியாகத் தைத்தும் முடித்துவிட்டேன். கல்யாணத்தன்று காலையில் மணப்பெண் அறையில் விரித்துப் பார்த்தால், ஒரு மயிலின் அலகு லேசாக இறங்கியிருப்பது போலத் தோன்றியது. வேறு யார் கண்ணிலும் பட்டிருக்காது. என் கண்ணில் பட்டுவிட்டதே! கத்தரியை எடுத்து அலகைப் பிரித்துவிட்டேன்.

புதிதாக மணி கோத்தால் மேலே ஏறிக்கொண்டது. மறுபடி பிரித்தேன். விரல் வியர்த்து ஊசி வழுக்கியது. அதற்குள் கூறைப்புடவையை வாங்கிக்கொண்டு மணப்பெண்ணும் உடை மாற்ற உள்ளே வந்துவிட்டாள். அம்மா கதவைப் படபடவென்று தட்டினாள்.

"ஏட்டி, முகூர்த்தம் தப்பப் போகுது. பொண்ணை அனுப்பு!"

"இந்தா, ரெண்டே மணிதாம்மா."

இதையே சொல்லிச் சொல்லித்தான் பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மணப்பெண் மெதுவாக வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அப்போதுதான் அவள் முகத்தையே பார்த்தேன். உதடு வறண்டு, கண் கலங்கியிருந்தது.

"மைனி, காலையிலேருந்து கை காலெல்லாம் நடுங்குது. எங்கம்மாவும் இல்ல. அதை வச்சுட்டுக் கொஞ்சம் எங்கூட இருங்களேன்."

அம்மா இல்லாமல் வளர்ந்த பெண் என்பது எனக்குத் தெரியாததா? நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். அந்த மயில் அலகில்லாமலே நின்றது. அவளுக்குப் பிளவுஸை மாட்டிவிட்டு, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப் போனேன்.

முடிச்சுப் போடச் சடையை விலக்கினால், நேராக என் கண் முன்னால் அந்த மயில். பொய் சொல்லவில்லை, அப்போதும் ஓர் ஊசி கிடைக்காதா என்று மனசு பறந்தது. ஆனால் என் விரலுக்குக் கீழே அவள் கழுத்து நடுங்கிக்கொண்டிருந்தது. முடிச்சை இறுக்கிவிட்டு, அவள் தோளில் கை வைத்தபடியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது.

என் குணம் அடியோடு மாறிவிடவில்லை. இன்றும் பிரிக்கத்தான் கை போகிறது, ஆனால் அந்தத் துணிக்காகக் காத்திருப்பவர் எப்படி இருக்கிறார் என்று நிமிர்ந்து பார்க்காமல் ஒரு தையலையும் நான் பிரிப்பதில்லை.