ஐந்தடி ஆறங்குலம்

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் ஆண்கள் பிரிவில் எனக்கு இருபத்தைந்து வருட சர்வீஸ். உள்ளே நுழையும் ஆளைப் பார்த்ததுமே சட்டை என்ன சைஸ், பேண்ட்டில் எத்தனை இன்ச் வெட்ட வேண்டும் என்று சொல்லிவிடுவேன். டேப்பைக் கையில் எடுப்பதே எனக்குக் கௌரவக் குறைச்சல். இந்தத் திறமையை ஒரே ஒருவர் விஷயத்தில் மட்டும் காட்டிக்கொள்வதில்லை. அந்த ஒருவர் நான்தான்.

என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். கல்யாணத்துக்கு ஜாதகத்தோடு கொடுத்த தாளில் என் அக்கா கை கூசாமல் ஐந்தடி ஆறு என்று எழுதிவிட்டாள். பெண் வடபழனி, ஐந்தடி மூன்று. போட்டோகிராபர் என்னை ஒரு மனைப்பலகை மேல் ஏற்றி நிறுத்திச் சமாளித்தார். அதன்பின் யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக இன்ஷூரன்ஸ் பாலிசியில்கூட அதே ஆறங்குலம்தான்.

போன மழைக்காலத்தில் எனக்குக் குடலிறக்கம் வந்தது. அடையாறில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று முடிவானது. முந்தின நாள் மாலை, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் படிவத்தை எடுத்தார். சின்ன வயசுப் பெண். எடையை மெஷினில் பார்த்தார், உயரத்தை வாயால் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், "அஞ்சடி ஆறு, டாக்டர்" என்றாள் என் மனைவி. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

மறுநாள் காலை தியேட்டரில் மேஜை விளிம்பில் உட்கார வைத்து, தலையணையைக் கட்டிக்கொண்டு முதுகை வளைக்கச் சொன்னார்கள். டாக்டர் பின்னாலிருந்து முதுகைத் துடைத்தார். பயம் வந்தால் எனக்குப் பேச்சு நிற்காது.

"இடுப்புக்குக் கீழதான் மரத்துப்போகும்னீங்க. எங்க நிக்கணும்னு மருந்துக்கு எப்படித் தெரியும், டாக்டர்?"

அவருக்குக் கேள்வி பிடித்துவிட்டது. "அதுக்குத் தெரியாது சார், நாங்கதான் நிறுத்தணும். இதுல சர்க்கரை கலந்திருக்கு. தண்டுவடத்தைச் சுத்தி இருக்கிற நீரைவிட கனம். பள்ளம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஓடும். அதனால எவ்வளவு போடறோம், எப்படிப் படுக்க வைக்கிறோம், அதுதான் முக்கியம். வயசு, தொப்பை எல்லாம்கூட பார்ப்போம். உயரமும் கொஞ்சம். குள்ளமானவங்களுக்கு அதே அளவு போட்டா இன்னும் கொஞ்சம் மேல ஏறும்."

"மேலன்னா?"

"நெஞ்சு வரைக்கும். ரொம்ப ஏறினா பிரஷர் குறையும், மூச்சு விடக் கஷ்டமா இருக்கும். நாங்க பார்த்துப்போம்."

அவர் சொன்ன 'கொஞ்சம்' எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. ஐந்தடி ஆறு ஆளுக்கு அளந்த மருந்து ஐந்தடி இரண்டு ஆளுக்குள் போகப் போகிறது. மிச்ச நாலு அங்குலம் எங்கே போகும்? என் கணக்குப்படி அது மீசை வரை வந்துவிடும். பொய் சொன்னது அக்கா, மூச்சு முட்டப் போவது எனக்கு.

"டாக்டர், ஒரு நிமிஷம். என் உயரம் அஞ்சடி ரெண்டு."

முதுகுக்குப் பின்னால் சிரிப்பு கேட்டது. நர்ஸும் சேர்ந்துகொண்டார்.

"தெரியும் சார். நேத்து உங்க வைஃப் குடையை விட்டுட்டேன்னு என் ரூமுக்குத் திரும்பி வந்தாங்க. 'அஞ்சடி ரெண்டுன்னு மாத்திக்குங்க டாக்டர், அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க'ன்னாங்க. நான் சொல்லிட்டேன். இப்ப ஆடாம உட்காருங்க."

ஊசி போனதே தெரியவில்லை. படுக்க வைத்தார்கள். பாதம் சூடாகி, தொடை கனத்து, கால்கள் இரண்டும் யாருடையதோ போல ஆயின. டாக்டர் ஈரப் பஞ்சை வயிற்றில் ஒற்றி, ஜில்லென்று இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே மேலே வந்தார். தொப்புளுக்குச் சற்று மேலே ஜில்லென்றது. மருந்து ஒழுங்காக அங்கேயே நின்றுவிட்டது. எனக்குத்தான் நெஞ்சை அடைத்தது. இருபத்திரண்டு வருடமாக ஒருத்தி என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள், அளவு சொல்லியே பேர் வாங்கிய எனக்கு அது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

வார்டில் ஆயா என் பாதத்தைத் தட்டி, "இன்னா சார், காலு வந்துச்சா?" என்றார். மனைவி கஞ்சியை ஆற்றிக்கொண்டே, "டாக்டர் எதுனா சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலையே" என்றேன். அவள் நிம்மதியாகக் கஞ்சியைக் கலக்கினாள்.

மூன்று வாரம் கழித்து பாண்டி பஜாரில் நடக்கப் போனோம். வழக்கம்போல என்னை நடைபாதையில் விட்டுவிட்டு அவள் ரோட்டில் இறங்கி நடந்தாள். ரோட்டில் நடக்கத் தெரியாதவள் என்று கல்யாணமான நாளிலிருந்து திட்டியிருக்கிறேன். அன்றுதான் நடைபாதையின் உயரத்தைப் பார்த்தேன். நாலு அங்குலத்துக்குக் குறையாது.

"ஆட்டோ வருது, மேல வா" என்று அவள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, நான் ரோட்டில் இறங்கினேன்.

மேலே நின்றபடி என்னைக் குனிந்து பார்த்தாள்.

"அந்த டாக்டர் பொண்ணு சொல்லிடுச்சா?" என்றாள்.