ரேடியோ வாயை மூடிய நாள்

அழகு நிலையம் நடத்தும் அந்த அம்மாளைத் தெருவே ரேடியோ என்றுதான் கூப்பிடும். கத்தரிக்கோல் ஓயும், அவள் வாய் ஓயாது. கணவனின் தங்கைக்கு மட்டும் அது ஆகாது. முடி வெட்ட உட்காரும்போதே, "அண்ணி, உங்க வாய்க்கு ஒரு பூட்டு போட ஆளில்லையா?" என்று கேட்டுவிட்டுக் காதில் இயர்போனை மாட்டிக்கொள்வாள்.

பூட்டு கடைசியில் ஒரு கம்பெனியிலிருந்து வந்தது.

சுருட்டை முடியை நேராக்கும் க்ரீம் அது. தடவிச் சூடு காட்டினால் கிளம்பும் புகையில் என்ன விஷம் இருக்கிறதென்று டப்பாவில் ஒரு வரி கிடையாது. வருடக்கணக்கில் அதை இழுத்ததில் ரேடியோவின் நெஞ்சு பழுதாகி, மாடிப்படி ஏறினால் இரைத்தது. அவளைப் போன்ற சிலர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். அந்த நாளெல்லாம் ரேடியோவில் ஓடியது அந்தக் கதைதான். நாத்தனார் காதில் பாட்டு ஓடியது.

இழுத்தடித்த கம்பெனி ஒருவழியாகச் சமரசத்துக்கு வந்தது. வைத்தியச் செலவைத் தருவார்களாம், தப்பை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்களாம். இனிமேல் அந்த க்ரீமைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது, விட்டால் கொடுத்ததைத் திருப்பி வாங்கிவிடுவார்கள் என்றார் வக்கீல். மூச்சுவிடவே மருந்து வேண்டியிருப்பவள் என்ன செய்வாள்? கையெழுத்துப் போட்டாள்.

கொஞ்ச நாளில் நாத்தனார் வந்தாள், ஆறு மாத வயிற்றோடு. நாற்காலியில் சாய்ந்து, பையிலிருந்து அதே டப்பாவை எடுத்து நீட்டினாள். இன்னும் கடையில் விற்கிறார்கள், பாவிகள்.

ரேடியோ டப்பாவைப் பார்த்தாள், நாத்தனாரின் வயிற்றைப் பார்த்தாள். சொன்னால் மருந்துக்கு வழியில்லை. போட மாட்டேன் என்று மட்டும் சொன்னால், அடுத்த தெருவில் போய்ப் போட்டுக்கொள்வாள். வாயைத் திறந்தாள், மூடினாள். டப்பாவை வாங்காமல் சீப்போடு அப்படியே நின்றாள்.

நாத்தனார் கண்ணாடியில் அவளையே பார்த்தாள். தன்னைப் பெற்றவள் செத்த அன்றுகூட அழுதுகொண்டே பேசியவள் இந்த அண்ணி.

"என்னண்ணி, இதைப் போடலாமா, வேண்டாமா?"

ரேடியோவின் கண் மட்டும் நிறைந்தது.

"ஏதாவது சொல்லுங்கண்ணி. பயமா இருக்கு."

ரேடியோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் குப்பைக்கூடையில் டப்பா விழும் சத்தம் கேட்டது.

"நுனியை மட்டும் வெட்டி விடுங்க," என்றாள் நாத்தனார்.

ரேடியோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்தாள். பால்காரன் தண்ணீர் கலப்பதில் ஆரம்பித்து, பக்கத்து வீட்டு வாடகைச் சண்டை வரைக்கும் ஒன்றுவிடாமல் பேசித் தீர்த்தாள். நாத்தனார் இயர்போனைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.