வெறும் தண்ணீரில் வந்த ஈயம்

அந்தோனியின் பற்றரிகளை அயலவர்கள் தூக்கித் தெருவில் எறிந்ததற்குக் காரணமான காகிதம் எங்கள் ஆய்வுகூடத்திலிருந்துதான் போனது.

யாழ்ப்பாணத்தில் போரால் மின்சாரம் இல்லாத காலம். குருநகரில் அந்தோனி ஜெனரேற்றர் வைத்துப் பற்றரி சார்ஜ் பண்ணிக் கொடுத்துப் பிழைத்தார். கடைக்குப் பக்கத்தில்தான் அந்தத் தெருவின் ஒரே நல்ல தண்ணீர்க் கிணறு. மற்றதெல்லாம் உப்பு. பிள்ளைகள் சிலர் வயிற்றுநோவில் படுத்ததும், பற்றரிக்குள் இருக்கும் ஈயம் கிணற்றில் கலந்துவிட்டது என்று பழி கடைமேல் விழுந்தது. அந்த மாதம் யாழ்ப்பாணம் முழுக்க வயிற்றோட்டம் என்பதை யார் யோசித்தார்கள்? கிணற்றுத் தண்ணீர் எங்களிடம் வந்தது. "ஈயம் உண்டு" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார் எங்கள் தலைமை ரசாயனர்.

நான் லீவு முடிந்து வந்தபோது மணல் அடுப்பில் ஒரு புதுச் சட்டி இருந்தது. பீங்கான் பேசின்கள் உடைந்துபோக, பொருளாதாரத் தடையில் வேறு கிடைக்காமல், சந்தையில் வாங்கிய பளபளப்புப் பூச்சு மண்சட்டி. அசிட் விட்டுத் தண்ணீரை வற்றவைத்த இடத்தில் பூச்சு மங்கிப்போயிருந்தது. அதே சட்டியில் வெறும் தண்ணீரை வைத்து அதே சோதனையைச் செய்து பார்த்தார்களா என்று தலைமை ரசாயனரிடம் கேட்கப் போனேன்; அதைத்தான் பிளாங்க் என்போம்.

"சேர், பிளாங்க் போட்டனீங்களோ?"

"என்ன பிள்ளை, வெறும் தண்ணியைக் காய்ச்சவோ அசிட்டைச் செலவழிக்கிறது? இருக்கிறது அரைப் போத்தில்."

"அந்தாளின்ரை கடையை உடைச்சுப்போட்டினம் சேர்."

அவர் தானே அசிட்டை எடுத்து வந்தார். காய்ச்சி வடித்த தண்ணீரை அதே சட்டியில் வற்றவைத்து, ஈயம் இருந்தால் கறுக்கும் சல்ஃபைடு விட்டோம். கறுத்தது. மிச்சமிருந்த கிணற்றுத் தண்ணீரைக் கண்ணாடி பீக்கரில் வற்றவைத்து அதேபோலச் செய்தோம். நிறம் மாறவேயில்லை. ஈயம் சட்டியின் பூச்சிலிருந்து வந்திருந்தது.

அன்றே இருவரும் சைக்கிளில் குருநகர் போனோம். கிணற்றடியில் சனம் கூடியது. ரசாயனர் சத்தமாகவே சொன்னார்:

"பிழை எங்கடை சட்டியிலை. கிணத்திலை ஒண்டுமில்லை."

அந்தோனியின் மனைவி திரேசம்மா வாளியைப் போட்டு அள்ளினார்.

"அப்ப குடியுங்கோ ஐயா."

அவர் வாங்கிக் குடித்தார். ஆனாலும் ஒருவரும் குடத்தோடு கிட்ட வரவில்லை. கூட்டத்தில் நின்ற ஒருவர் கேட்டார்:

"முந்தின கடதாசியிலையும் உங்கடை கையெழுத்துத்தானே?"

ரசாயனர் தலையைக் குனிந்தார். கொஞ்ச நாளில் அந்தோனி குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

இப்போது ஆய்வுகூடங்களில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பிளாங்க் போட அசிட் போதாவிட்டால் மாதிரியைத் திருப்பி அனுப்புங்கள். "செய்ய வசதியில்லை" என்று எழுதிக்கொடுப்பதில் ஒரு வெட்கமும் இல்லை. அப்படியொரு காகிதம் போயிருந்தால் அந்தோனி தன் கடையிலேயே இருந்திருப்பார்.