லாரி மெஷின்காரரின் காது

அறுபதுகளில் நானும் தம்பியும் தாராவியில் ஹோட்டல் கம்பளங்களைக் கையால் தேய்த்துக் கழுவிக் கொடுத்துவந்தோம். கம்பளம் கழுவும் மெஷின் பொருத்திய பழைய லாரி ஒன்று செம்பூரில் விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். வாங்கினால் தம்பிதான் அதில் வேலை செய்ய வேண்டும்.

மெஷினை மெதுவாக ஓட்டிக் காட்டியவர் திருநெல்வேலிக்காரர். காக்கிச் சட்டை, நரைத்த மீசை. எஞ்சின் ஓடுகிறதா என்று கிளப்பிய ஒவ்வொரு முறையும் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார்.

"முழு வேகத்துல ஓடுனா ரொம்பச் சத்தம் போடுமோ?" என்று லாரி முதலாளியிடம் கேட்டேன்.

"சத்தமா? பக்கத்துல கொழந்தையே தூங்கும் சார்!"

நம்பிக்கை வராமல், மெஷின்காரரைப் பார்த்துக் காதைத் தொட்டுக் காட்டினேன். அவர் முகம் சிவந்தது.

"சத்தம் இல்லன்னானா இவன்?" என்று தெருவே திரும்பும்படி கத்தினார். "இது பக்கத்துல நின்னுதான்வே என் ரெண்டு காதும் போச்சு! பெத்த மவ கூப்பிட்டாலும் கேக்கல. வாங்காதேயும்!"

முதலாளி அங்கேயே அவரை வேலையை விட்டுப் போகச் சொல்லிக் கைகாட்டினார். அவர் சாவியை உருவிச் சாக்கடையில் எறிந்தார்.

எங்களோடு வந்துவிடும்படி சைகை காட்டினேன்.

"நான் வந்துருவேன். நாளைக்கு இதுல வேற ஒருத்தன ஏத்துவானே, அவனுக்கு என்ன செய்வீரு?" என்று என்மேலும் சீறிவிட்டு நடந்தார்.

நாங்கள் அதை வாங்கவில்லை. பிறகு மாட்டுங்காவில் ஒரு ஹோட்டல் வாசலில் அதே லாரியைப் பார்த்தேன். மெஷினருகே வேறொருவர் நின்றார். காதில் பஞ்சாவது வைத்துக்கொள்ளச் சொன்னேன். அந்த இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. செம்பூரில் பார்த்த மனிதரைப் போலக் கத்த எனக்கு வரவில்லை.