தவசி மகள் கல்யாணத்துக்கு மேளம்

கண்மாயில் மடை திறந்து அடைக்கிற வேலை தவசிக்கு. வீட்டில் அரிசி இருக்கிறதா என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். எந்தக் கருவேல மரத்தில் எத்தனை கூழைக்கடாப் பறவை கூடு கட்டியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், விரல் மடக்காமல் சொல்லுவார். அப்படி ஒரு மனுஷன்.

ஐப்பசி மழையோடு வருகிற பறவைகள் குஞ்சு பொரித்துப் பறக்கிறவரை தவசியின் ஊரில் வெடி கிடையாது, கொட்டுமேளம் கிடையாது. சத்தம் கேட்டால் தாய்ப்பறவை பதறி எழும்பும், குஞ்சு தண்ணீரில் விழுந்துவிடும்.

இதெல்லாம் சாயல்குடியில் பனையோடு மாரடிக்கிற கூத்தையாவுக்கு எப்படித் தெரியும்? ஐம்பத்தாறாம் வருஷம் தை மாசம் அவர் மகனுக்குத் தவசி மகள் செவ்வந்தியைப் பேசி முடித்து, கல்யாணம் பெண் வீட்டில் என்று பத்திரிகையும் அடித்தாயிற்று. கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கையில்தான் தவசி விஷயத்தைச் சொன்னார். முன்னாலேயே சொன்னால் சம்பந்தம் தட்டிப்போகுமோ என்ற பயம். அங்கேதான் தப்புச் செய்தார்.

"சாவு கேதத்துக்கே கொட்டு வைக்கிறோம் சம்பந்தி. மேளம் இல்லாமத் தாலி கட்டுனா ஊர் சிரிக்கும். வேற இடம் பாத்துக்குங்க." கூத்தையா துண்டை உதறித் தோளில் போட்டார்.

தவசி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு தடவை கண்மாயைப் பாத்துட்டுச் சொல்லுங்க. அப்பறம் உங்க இஷ்டம்."

மறுநாள் விடியற்காலை நல்ல பனி. கூத்தையா காதோடு துண்டைக் கட்டிக்கொண்டு, பல் கிட்டிக்க, தவசி பின்னால் கரைமேல் நடந்தார். மரமெல்லாம் வெள்ளைவெள்ளையாகப் பறவைகள். தாயின் தொண்டைப் பைக்குள் தலையை விட்டு மீன் தின்கிற குஞ்சுகளைத் தவசி சைகையில் காட்டினார்.

"கொட்டுக்குப் போயி இதுக பயப்படுமாக்கும்," என்று கூத்தையா சடாரென்று இரண்டு கையையும் தட்டிவிட்டார்.

அவ்வளவுதான். மொத்தப் பறவையும் எழும்பியது. தொப்பென்று ஒரு குஞ்சு விழுந்து தத்தளித்தது.

தவசி வேட்டியை வரிந்து கட்டுவதற்குள் கூத்தையா இறங்கிவிட்டார். மார்பளவு தண்ணீர், அதுவும் அந்தக் குளிரில். முள் கிழிக்கக் கிழிக்க எட்டிக் குஞ்சைக் கூட்டில் வைத்துவிட்டு வெடவெடத்துக்கொண்டு கரையேறினார். தாய் திரும்பி வந்து உட்காருகிறவரை இருவரும் அசையவில்லை.

"மொதல்லயே இங்கன கூட்டியாந்திருக்கலாம்ல சம்பந்தி," என்றார் கூத்தையா. குரல் ரகசியமாகிவிட்டிருந்தது.

குறித்த முகூர்த்தத்தில் செவ்வந்தி கழுத்தில் தாலி ஏறியது. மேளம் மட்டுமல்ல, குலவைகூட இல்லை. கூத்தையாவே வாயில் விரலை வைத்துக்கொண்டு பந்தலுக்குள் திரிந்தார். தவசி வீட்டுக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரே மகள், பெற்றவனுக்கு ஆசை இருக்காதா? கூத்தையா அதைப் பார்த்துவிட்டார்.

வைகாசியில் கண்மாய் வற்றியது. ஐந்தாம் மாசம் தாலி பெருக்கிப் போடுகிற சடங்கைப் பெண் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று கூத்தையா சொல்லியனுப்பியிருந்தார். அன்றைக்குத் தவசி வாசலுக்கு வந்தால், ஒரு மாட்டுவண்டி நிறைய நாயனமும் தவிலும். முன்னால் கூத்தையா நின்றார்.

"குஞ்செல்லாம் பறந்திருச்சா சம்பந்தி?"

தவசி ஆமென்று தலையை ஆட்டினார்.

கூத்தையா தவில்காரரைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப அடிங்கய்யா. சாயல்குடிக்குக் கேக்கணும்."