முப்பது ரூபாய் நாற்காலி

தலத்தெரு முனையில் ஒரு மருந்துக்கடை. அதற்கு எதிரேதான் பதினெட்டு வருஷமாக ஆட்டோ போடுகிறேன். அந்தக் கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் சித்திக்காவைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கப்பல் வேலைக்குப் போன அவளுடைய வாப்பா சீக்கிரமே காலமாகிவிட்டார். சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டே பார்மசி படித்தவள். பத்து வருஷமாக இதே கடையில் நிற்கிறாள். போன வருஷம் திடீரென்று வாசலில் ஒரு அட்டை தொங்கியது. 'வீட்டிலுள்ள மாத்திரைகளை எல்லாம் எடுத்து வாருங்கள். உட்கார வைத்து விளக்கிச் சொல்கிறேன். முப்பது ரூபாய்.' அட்டைக்குக் கீழே ஒரு நாற்காலி.

முதலில் சிரித்தவன் நான்தான்.

"மாத்திரைக்கும் காசு, பேச்சுக்கும் காசா? நான் யாருக்காவது வழி சொன்னா மீட்டரா போடுறேன்?"

"நீங்க வழி சொல்றதோட நிறுத்திக்கிறீங்கண்ணே. நான் வீடு வரைக்கும் கொண்டுபோய் விடுறேன்ல" என்றாள்.

முதலாளி சஃபியுல்லா சிரிக்கவில்லை. "மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன் தங்கச்சி. யாரும் ஒக்காரலேன்னா அந்த எடத்துல கூல்டிரிங்ஸ் பெட்டிய எறக்கிடுவேன்" என்றார்.

இருபது நாள் போயிற்று. எல்லாரும் நின்றபடியே ஓசியில் கேட்டுவிட்டுப் போனார்கள். நாற்காலியைத் துடைப்பதுதான் அவளுக்கு வேலை.

அன்றைக்கு என் ஆட்டோவில் வந்த கமருன்னிசா என்ற வயசான அம்மா இறங்கும்போதே தள்ளாடினார். சித்திக்கா ஓடிவந்து பிடித்தாள்.

"ஒக்காருங்க மாமி."

"காசு கேப்பியே புள்ள!"

"மொதல்ல ஒக்காருங்க. பையைக் குடுங்க."

பையில் இங்குள்ள டாக்டர் எழுதிய சர்க்கரை மாத்திரை இருந்தது. துபாயிலிருந்து மகன் அனுப்பிய பெட்டியும் இருந்தது. பேர்தான் வேறு, மருந்து ஒன்றே. இரண்டையும் சேர்த்து விழுங்கியதில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டிருக்கிறது. பிள்ளை அனுப்பியதை ஒதுக்கிவைக்க எங்கள் ஊர்த் தாய்க்கு மனசு வருமா?

முதலில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள். அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டாள். துபாய் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரச்சொன்னார். நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன்.

"மவன் கோவிச்சுக்குவானே" என்று வழியெல்லாம் புலம்பினார் அந்த அம்மா. சாயங்காலமே சித்திக்கா மகனிடம் வீடியோ காலில் பேசி முடித்துவிட்டாள்.

மூன்றாம் நாள் கமருன்னிசா நடந்தே வந்தார். கூடவே நாலு பொம்பளைகள். ஆளுக்கொரு பை. முப்பது ரூபாயை மேசையில் வைத்தார்.

"அன்னைக்கி அவசரத்துக்குப் பாத்தது. வேணாம் மாமி."

"ஓசியில வந்த மாத்திரைதான் என்னைத் தள்ளிவுட்டுச்சு. ஒன் பேச்ச நான் காசு குடுத்தே வாங்கிக்கிறேன். எடு!"

மாசக் கடைசிக்குள் முப்பத்தெட்டுப் பேர் காசு கொடுத்து உட்கார்ந்தார்கள். கூல்டிரிங்ஸ் பெட்டியோடு வந்த வண்டியை சஃபியுல்லா வாசலிலேயே மறித்தார். "எடமில்லப்பா, திருப்பிக்கிட்டுப் போ!" மறுநாள் காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டார்.

அந்தப் பெஞ்சில் பிரஷர் மாத்திரையோடு நானும் போய் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஏழு பேர். என் முறை வந்ததும் சித்திக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"மீட்டர் போட்டாச்சு அண்ணே. ஒக்காருங்க."