கதவைப் பார்த்த நாற்காலி

தூதரகத்தில் எல்லோரும் அவரைக் கர்னல் என்றே கூப்பிட்டார்கள். பாதி ஆயுளைப் பட்டாளத்தில் கழித்து, காதோரம் நரைத்த பிறகு ராஜதந்திரியானவர். பேச்சை மென்று முழுங்கக் கற்றுக்கொண்டார். விருந்துகளில் ஒரே கிளாஸை மாலை முழுக்கக் கையில் வைத்திருக்கவும் கற்றுக்கொண்டார். ஒன்று மட்டும் மாறவில்லை. எங்கே போனாலும் சுவரில் முதுகு, கதவில் கண். எல்லைக் காவலில் ஊறிப்போன புத்தி, லேசில் போகுமா?

வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் கதவைப் பார்த்த நாற்காலிதான் அவருக்கு. "யாரும் சுட வரல, சாப்பிடுங்க" என்று மனைவி கிண்டல் செய்வாள். கொஞ்ச காலமாக அந்தக் கிண்டல் நின்றுபோயிருந்தது. அவளுடைய தம்பி, புதிதாகச் சேர்ந்த லெப்டினன்ட், ரோந்தில் வழி தவறிப் பிடிபட்டு அடுத்த நாட்டுச் சிறையில் கிடந்தான். கைதிகளை மாற்றிக்கொள்ளும் பேச்சுவார்த்தைக்குக் கர்னலைத்தான் அனுப்பினார்கள். கிளம்பும்போது அவர் காலரைச் சரிசெய்துகொண்டே, "தம்பியக் கூட்டிட்டு வந்துடுவீங்கல்ல?" என்றாள். அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

பேச்சு நடந்தது ஏரிக்கரையில் ஒரு பழைய மாளிகையில். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம். தண்ணீர் எது, வானம் எது என்று தெரியவில்லை. கம்பளம் காலடிச் சத்தத்தை விழுங்கியது. கர்னலுக்குக் கண் திறந்தபடியே தூங்குவது போலிருந்தது. நீள மேசைக்கு ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் கதவு. கால் தத்தித் தத்தி வந்த எதிர்த்தரப்புப் பெரியவர் நேரே போய்ச் சுவரோர நாற்காலியைப் பிடித்தார். அதன் மறு கைப்பிடியைக் கர்னல் ஏற்கெனவே பிடித்திருந்தார்.

அவரும் பழைய பட்டாளத்துக்காரர். இருவரும் விடுவதாக இல்லை. உதவியாளர்கள் பேந்தப் பேந்த விழித்தார்கள். நாட்டின் மானம் என்று ஒருவர் முணுமுணுத்தார். மானமாவது மண்ணாங்கட்டியாவது, இரண்டு பேருக்கும் முதுகு கூசியது, அவ்வளவுதான். காபி ஆறிப்போயிற்று. பேச்சையே தள்ளிவைக்கலாம் என்கிற அளவுக்குப் போய்விட்டது.

சிறை அறையில் தம்பி எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பானோ என்ற நினைப்பு அந்தப் பனிக்குள்ளிருந்து மிதந்து வந்தது. கர்னல் கையை எடுத்தார். சுற்றிப் போய்க் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பின்னால் கதவு கிரீச்சிட்டது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எதிரே இருந்தவர் அதைக் கவனித்தார். தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நீங்க பேசுங்க. கதவ நான் பாத்துக்கறேன்."

அதன்பின் பேச்சு தடங்கலில்லாமல் ஓடியது. சாயங்காலம் கையெழுத்தானது.

தம்பி வீட்டுக்கு வந்த அன்று எலும்பும் தோலுமாக இருந்தான். சாப்பிடக் கூப்பிட்டதும், யாரையும் கேட்காமல் கர்னலின் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். "டேய், அது மாமா எடம்" என்று அக்கா பதறினாள். அவன் காதில் விழவில்லை. தட்டைத் தொடாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கர்னல் இன்னொரு நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"நீ சாப்பிடு. கதவ நான் பாத்துக்கறேன்."

தம்பி மெல்லக் குனிந்து தட்டைப் பார்த்தான்.